வடக்கே போக ஒரு பெடல்

இரும்புப் பல் வைத்த பெடலை ஒரு கையிலும் ரப்பர் பெடலை மறு கையிலும் வைத்துக்கொண்டு குலாம் முகம்மது வெகுநேரம் நின்றார்.

மயிலாப்பூர் மாடவீதியில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று ஊரே மேற்கேயும் தெற்கேயும் ஓடிக்கொண்டிருந்தது. தணிகாசலத்தின் சைக்கிள் கடைக்கு வந்து, கல்கத்தாவரை மிதிக்க எந்தப் பெடல் நல்லது என்று கேட்டவர் அவர் ஒருவர்தான்.

கல்கத்தாவோடு முடியவில்லை. மணிப்பூர் மலைவரை போகவேண்டும். ரங்கூனில் வாழ்க்கைப்பட்ட மகள் ஜஹீதா, ஜப்பான்காரனுக்குத் தப்பி அந்த வழியாகத்தான் கூட்டத்தோடு நடந்து வருகிறாள் என்றார். ரயில் முழுக்கப் பட்டாளம். அவருக்கு இடம் கிடைக்கவில்லை.

அவர் அத்தர் விற்பவர். தெருத் தெருவாக வெறுங்காலால் மிதித்தே பழகியவர். இப்போது பையில் இரண்டு ஜோடி கொண்டுவந்திருந்தார். ஒன்று பழைய பட்டாளத்து பூட்ஸ், மற்றது கான்வாஸ் ஷூ.

"ரப்பரு மழையில வழுக்கும் பாய். பல்லு போட்டா கான்வாஸைக் கிழிச்சிடும். பூட்ஸையே மாட்டிக்க, மலையில தள்ளிக்கினு நடக்கவும் ஆவும்" என்றான் தணிகாசலம்.

பல் பெடலைப் பூட்டிக் கொடுத்தான். பூட்ஸ் அவர் குதிகாலைக் கடித்தது. அதோடேயே சைக்கிளில் ஏறிக் கோயில் குளத்தைச் சுற்றிவரக் கிளம்பினார்.

மனைவி அன்வரி பேகம் கடை ஓரமாக நின்றிருந்தாள். புருஷனைத் தடுக்கத்தான் கூடவே வந்திருக்கிறாள் என்று தணிகாசலம் நினைத்தான்.

இந்த வயசில் அவ்வளவு தூரம் ஆகாது, நீயாவது சொல்லம்மா என்றான்.

அவள் தெருமுனையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"ஜஹீதா வழியிலேயே மவுத்தாயிட்டா அண்ணே. கூட நடந்துவந்தவரு ஊட்டுக்கே வந்து சாவுச் சேதி சொன்னாரு. இவரும் பக்கத்துல உக்காந்து கேட்டாரு."

வந்தவருக்கு டீ கொடுத்து அனுப்பிவிட்டு, அப்போதே சைக்கிளைத் துடைக்க உட்கார்ந்துவிட்டாராம்.

"போவட்டும். ஊட்ல இருந்தா இவரும் மிஞ்ச மாட்டாரு."

குலாம் முகம்மது சுற்றி முடித்து வந்து இறங்கினார். பூட்ஸின் விளிம்பில் ரத்தம் கசிந்திருந்தது. அவர் குனிந்து பார்க்கவில்லை. பெடல் நன்றாக இருக்கிறது என்றார். பின்னால் ஒரு கேரியர் வேண்டும், திரும்பி வரும்போது ஜஹீதா உட்கார வேண்டுமே என்றார்.

தணிகாசலம் இருந்ததிலேயே அகலமான கேரியரைக் கழற்றி இறக்கினான்.

அன்வரி பேகம் அதை வாங்கி, முந்தானையால் தூசியைத் துடைத்துக் கொடுத்தாள்.