வெள்ளைச் சட்டை நாள்

“அந்த ஆளோட மூணு விரல் போனது உங்களாலதானே?”

எடுத்த எடுப்பிலேயே போங் இப்படிக் கேட்டதும் குவாக்கின் முகம் செத்துப்போயிற்று. “ஆமாண்ணே, என்னாலதான்” என்றார்.

போங்குக்கு அறுபது வயது இருக்கும். தன்னைவிடப் பத்துப் பதினைந்து வருஷம் மூத்தவர் என்று கண்டதுமே குவாக் ‘அண்ணே’ போட ஆரம்பித்துவிட்டார். அவரோ கால்மேல் கால் போட்டுக்கொண்டு, சாய்ந்து உட்கார்ந்து, குவாக்கை மேலும் கீழும் பார்த்துக்கொண்டிருந்தார்.

விடுதலைக்கு நாள் நெருங்கியவர்களும் வேலை கொடுக்க வந்தவர்களும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசும் நாள் அது. சிறையின் உடற்பயிற்சிக் கூடம் முழுக்க மேஜைகள். தலைநகர் சியோலிலிருந்துகூட ஆட்கள் வந்திருந்தார்கள். அன்றைக்கு மட்டும் சீருடை கிடையாது, எல்லாருக்கும் வெள்ளைச் சட்டைதான் என்பது அதிகாரி யூன் அம்மாளின் ஏற்பாடு. சட்டையைப் பார்த்து ஆளை எடை போடக் கூடாதாம். நல்ல எண்ணம்தான்.

ஆனால் சட்டையை மாற்றினால் பழைய கதை மாறிவிடுமா? சிறை மதில் எவ்வளவு உயரமாக இருந்தால் என்ன, இந்த மாதிரிச் செய்தி மட்டும் எப்படியாவது ஏறிக் குதித்து உள்ளே வந்துவிடுகிறது. காலையிலிருந்து குவாக்குக்கு எதிரே வந்து உட்கார்ந்த எல்லாரும் விரல் விஷயம் தெரிந்ததும் மரியாதையாகக் குனிந்துவிட்டு எழுந்து போய்விட்டார்கள். கடைசி ஆள் போங்தான். இவரும் கைவிரித்துவிட்டால் குவாக்கின் பிழைப்பு அவ்வளவுதான். வீட்டில் மனைவிக்கும் நம்பிக்கை போய்விட்டது.

“என்ன நடந்துச்சு? சுத்தி வளைக்காம சொல்லுங்க.”

“கிம்ச்சி ஊறுகா போடுற சீசன்ணே. கோஸ் வெட்டுற மெஷினு. பாதுகாப்பு மூடி இருந்தா மெதுவாத்தான் ஓடும். கழட்டிட்டு ஓட்டுங்கன்னு நான்தான் சொன்னேன். அவரு கை உள்ள போயிருச்சு. கோர்ட்டுல எதையும் மறைக்கல. குடுத்த தண்டனைய ஏத்துக்கிட்டேன்.”

போங் உச்சுக் கொட்டவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. அடுத்தடுத்துக் கேட்டுக்கொண்டே போனார். குடிப்பழக்கம் உண்டா? கோபம் வந்தால் கை ஓங்குவீர்களா? முன்பு கூட இருந்தவர்கள் ஏன் ஒவ்வொருவராக விலகிப் போனார்கள்? குடியை விட்டாயிற்று, வாய்தான் கொஞ்சம் நீளம், கை ஓங்கியதில்லை என்று குவாக் ஒவ்வொன்றாகப் பதில் சொன்னார். விலகிப் போனவர்களைப் பற்றிக் கேட்டபோது மட்டும் தலையைக் குனிந்துகொண்டார்.

விரல் போன ஆளைப் போய்ப் பார்த்தீர்களா என்று போங் விடாமல் கேட்டார். பல தடவை போனதாகவும், கதவே திறக்கவில்லை என்றும் குவாக் சொன்னார். கடைசியில் ஒருநாள் அந்த ஆளின் அம்மா கதவைத் திறந்து, சாப்பிட்டாயா என்று கேட்டாளாம். அதற்கு நாலு அறை வாங்கியிருக்கலாம் என்று சொல்லும்போது குவாக்கின் குரல் உடைந்துவிட்டது.

யூன் அம்மாளுக்கே பொறுக்கவில்லை. அருகே வந்து, கொஞ்சம் பதமாகப் பேசக் கூடாதா என்று போங்கின் காதைக் கடித்தார்.

“வேலை விஷயத்துல பதம் என்னங்க பதம்? பின்னாடி அனுபவிக்கப்போறது நான்தானே?” என்று போங் எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். யூன் அம்மாள் அடுத்த மேஜைக்கு நகர்ந்துவிட்டார்.

குவாக்குக்குச் சுருக்கென்றது. எழுந்து போய்விட்டால் மானமாவது மிஞ்சும், வந்த காரியம் நடக்காது. இருந்தாலும் அடக்க முடியவில்லை. “ஒரு தடவ தப்புப் பண்ணினவன் காலம் பூரா அதையே சொல்லிக்கிட்டு நிக்கணுமாண்ணே? திருந்திட்டேன்னு சொன்னா யாருமே நம்ப மாட்டீங்களா?”

போங் முதல் தடவையாகச் சிரித்தார். “இந்தப் பேச்சு எனக்கு மனப்பாடம். திருந்திட்டேன்னு யாருதான் சொல்லல? இதே கூடத்துல எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டிருக்கேன்.”

“நான் சொல்றது நெசம்.”

“நெசமான்னு பாத்துருவோம்.” போங் காலைக் கீழே இறக்கினார். மேஜைமேல் கைகளை ஊன்றி முன்னால் சாய்ந்தார். “மறுபடியும் சீசன் வருது. லாரி வாசல்ல நிக்குது. சரக்கு ஏறலேன்னா ஆர்டர் கைவிட்டுப் போயிரும். மூடி மாட்டி ஓட்டினா நேரம் பத்தாது. என்ன பண்ணுவீங்க?”

பக்கத்து மேஜையில் யாரோ யாருக்கோ கைகொடுத்துச் சிரிப்பது கேட்டது. இங்கேயும் அந்த மாதிரி ஒரு சிரிப்புக் கிடைக்க, எதிரே இருப்பவர் எந்தப் பதிலை எதிர்பார்க்கிறாரோ அதைச் சொல்லிவிட்டால் போதும். எது அந்தப் பதில் என்றுதான் குவாக்குக்கு விளங்கவில்லை. இனிமேல் எதற்குப் பயம் என்று தோன்றியதோ என்னவோ, தலையை நிமிர்த்திப் போங்கின் கண்ணைப் பார்த்தார்.

“லாரி காலியாப் போகட்டும்ணே. ஆர்டர் போனாலும் போகட்டும். மூடியக் கழட்ட விடமாட்டேன்.”

போங் மெதுவாக எழுந்தார். குவாக்கும் பதறி எழுந்தார்.

அதுவரை விறைப்பாக இருந்த போங், இடுப்பு வளைய நன்றாகக் குனிந்து வணங்கினார்.

“சரி முதலாளி, விடுதலையான மறுநாளே வேலைக்கு வந்துடுறேன்.”