மாலை போட்ட மொழி

மௌன அஞ்சலியின் பதினேழாவது செக்கனில் ஒரு சிறுமி தண்ணீர் கேட்டாள்.

கேட்டது கிரிஸ் மொழியில். அவளுடைய தாய் குல்நாராவும் அதே மொழியில் ஏதோ கிசுகிசுத்து, மேசையிலிருந்த போத்தலை எடுத்துக் கொடுத்தாள். இருவரும் நின்றது மேடையில், ஒலிவாங்கிக்கு ஒரு சாண் தள்ளி. சுவிற்சர்லாந்தின் பீல் நகர மண்டபத்தில் கடைசிக் கதிரை வரைக்கும் அந்தக் கிசுகிசுப்பு போய்ச் சேர்ந்தது.

இதில் ஒரு சின்னச் சிக்கல். நூற்றெண்பது தமிழர்கள் அங்கே எழுந்து தலைகுனிந்து நின்றது, அந்த மொழி செத்துப்போனதற்காகத்தான்.

செயலாளர் வின்சன்றுக்குப் பொறுக்கவில்லை.

"உஷ்! செத்ததுக்கு ஒரு மரியாதை வேண்டாமோ?"

கிரிஸ் சாகவில்லை. அசர்பைஜான் மலைகளில் இன்னும் சில ஆயிரம் பேர் அதில்தான் சண்டை பிடிக்கிறார்கள், சமாதானமாகிறார்கள். பேசுகிறவர்கள் குறைந்துகொண்டு வருகிறார்கள் என்றுதான் குல்நாரா ஒருநாள் தேநீர் இடைவேளையில் சொன்னாள். மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் அவளுக்குப் பக்கத்து மேசைக்காரர் தில்லைநாதன். உலகத் தாய்மொழிக் காப்பு மன்றத்தின் தலைவர். உலகம் என்றால் பீல். தாய்மொழி நாளுக்குச் சிறப்பு விருந்தினர் கிடைத்துவிட்டார் என்று அவர் அன்றைக்கே முடிவு செய்துவிட்டார்.

மிச்சத்தை வின்சன்ற் பார்த்துக்கொண்டார். இணையத்தில் எடுத்த மலைக்கிராமப் படம் ஒன்று, அதற்கு ஒரு பிரேம், பிளாஸ்ரிக் மல்லிகை மாலை, முன்னால் குத்துவிளக்கு. படத்துக்கு மாலை ஏறிவிட்டால் எங்கள் ஆட்களுக்கு அடுத்த வேலை தானாக நடக்கும். படத்தின் கீழே அவர் கொட்டை எழுத்தில் எழுதியும் வைத்திருந்தார்: தோற்றம், அறியோம். மறைவு, அண்மையில்.

குல்நாராவுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. மாலை வடிவாக இருக்கிறதென்று மகளைப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டாள்.

தில்லைநாதன் கண்ணை மூடி எண்ணிக்கொண்டிருந்தார். முப்பத்தொரு வருடம் மணிக்கூடு பூட்டிய மனிதர், செக்கன் பிசகாது. இருபத்தாறு. இருபத்தேழு. அறுபதில் அவர் "அமரலாம்" என்பார். பிறகு, அவருடைய கையைப் பிடித்து நிற்கும் பேத்தி லேயா "வணக்கம்" என்பாள். ரெனானிலிருந்து வரும் வழியில், ரயிலில், இன்றைக்கு ஒரு மொழி செத்ததற்கு அஞ்சலி என்று விளக்கிவிட்டு, தாய் வேணுகா சொல்லிக்கொடுத்த வணக்கம்.

அந்த ஒற்றை வணக்கத்தில்தான் அவருடைய மானம் தொங்கிக்கொண்டிருந்தது. ஏனென்றால் சற்றுமுன், நாற்பது நிமிட உரையின் உச்சத்தில், அவர் கேட்டிருந்தார்:

"நான் ஞாயிறுக்கு ஞாயிறு பேத்தியோட போனிலை அரை மணித்தியாலம் கதைக்கிறனான். தமிழிலை! உங்களிலை எத்தினை பேர் கதைக்கிறியள்?"

மண்டபம் வெட்கப்பட்டுக் கைதட்டியது.

தண்ணீர் குடித்த சிறுமி தாயின் காதுக்குள் இன்னும் என்னவோ சொன்னாள். தாய் சிரிப்பை அடக்கிக்கொண்டு பதில் சொன்னாள். மகள் திருப்பிச் சொன்னாள். லேயா அவர்களையே வாய் பார்த்து நின்றாள். பிறகு மாலை போட்ட படத்தைப் பார்த்தாள். பிறகு அம்மப்பாவை.

குல்நாராவின் கையைச் சுரண்டி, பிரெஞ்சில், நீளமாக ஒன்று கேட்டாள்.

அதுவும் ஒலிவாங்கியில் விழுந்தது.

பின்வரிசை இளசுகள் தலையை நிமிர்த்தின. ஒருவன் சிரிக்கத் தொடங்கி, பாதியில் விட்டான். இரண்டாம் வரிசையில் வேணுகா இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

நாற்பத்தைந்தில் தில்லைநாதன் கண்ணைத் திறந்தார். தமிழை விட்டால் அவருக்குத் தெரிந்தது தொழிற்சாலை ஜெர்மன் மட்டும். பேத்தி பிறந்து வளர்ந்தது ரெனானில், பிரெஞ்சுப் பக்கம். என்னவாம் என்று, பிரெஞ்சும் தெரிந்த குல்நாராவைப் பார்த்தார்.

அவள் தயங்கினாள். பிறகு, பழுதான பாகங்களைத் தட்டில் ஒதுக்கும்போது இருவரும் பேசிக்கொள்ளும் அதே ஜெர்மனில், மெல்லச் சொன்னாள்.

செத்துப்போனது அம்மப்பாவின் மொழியா என்று பிள்ளை கேட்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அது எல்லாவற்றையும் பிரெஞ்சில் அவருக்குச் சொல்கிறதாம். பள்ளிக்கூடத்தை, பல் விழுந்ததை, பூனை காரில் அடிபட்டுச் செத்ததை. அவர் ஒவ்வொன்றுக்கும் ஒரே சொல்லைத்தான் சொல்கிறாராம். "ஓம்." அவரிடம் அந்த ஒரு சொல்தான் மிச்சம் இருக்கிறதாம்.

அறுபது வந்தது. போனது.

உட்காரச் சொல்ல வேண்டியவர் சொல்லவில்லை. அதனால் யாரும் உட்காரவில்லை. அந்த மௌனம் நான்கு நிமிடத்துக்கு மேல் நீடித்ததென்றும், மன்றத்தின் வரலாற்றிலேயே ஆக உருக்கமான அஞ்சலி அதுதானென்றும் வின்சன்ற் பின்னர் ஆண்டறிக்கையில் எழுதினார்.

தில்லைநாதன் பூனையை நினைத்துக்கொண்டு நின்றார். அதற்கும் அவர் ஆமாம் போட்டு "ஓம்" என்றுதான் சொல்லியிருக்கிறார். அநேகமாகச் சிரித்துக்கொண்டு.

லேயா அவருடைய கையைப் பிடித்து ஆட்டினாள். கேட்டதையே, இந்த முறை அவரிடம் கேட்டாள்.

அவர் அவளுடைய உயரத்துக்குக் குனிந்தார். அவள் கேட்பது இன்னதென்று விளங்கி, முதல் தடவையாக, சொன்னார்.

"ஓம்."