கவிழ்த்த தீப்பந்தம்

"இங்கயா பொண்ணு பார்ப்பாங்க?" என்று பானுமதி மகளின் காதருகே முணுமுணுத்தாள்.

தாரிணியின் யோசனைதான் அது. வளைகுடாவில், ரோலா பகுதியில் அவர்கள் இருக்கும் ஃபிளாட்டுக்கு யார் வந்தாலும் பக்கத்து வீடுகளுக்குத் தெரிந்துவிடும். இந்த அருங்காட்சியகத்தில் கூட்டமில்லை, ஏசி உண்டு, பேச்சு நின்றுபோனால் பார்ப்பதற்கு ஏதாவது இருக்கும். காலையில் ஆசையாக மல்லிகைச் சரம் வாங்கியிருந்தாள். "முதல்ல முடிவாகட்டும்" என்று அம்மா தடுத்துவிட்டதால் அது கைப்பைக்குள்ளேயே இருந்தது.

பக்கத்து நாட்டு ரூவியிலிருந்து பஸ்ஸில் வந்திருந்த கல்யாணசுந்தரமும் அவர் மகன் பாலாவும் எதிரே நின்றார்கள். இந்தச் சந்திப்புக்குப் பெரியவர்களைச் சம்மதிக்க வைக்க, தாரிணியும் பாலாவும் மாதக்கணக்கில் போனில் பேசியிருந்தார்கள். இப்போது, பஸ் வசதியாக இருந்ததா என்று பானுமதி இரண்டாவது முறையாகக் கேட்டாள்.

தாரிணி அவசரமாக ஒரு ரோமானியச் சிற்பத்தைக் காட்டினாள். மித்ராஸ் என்ற இளம் கடவுள், காளையின் முதுகில் முழங்காலை ஊன்றிக் கத்தியைப் பாய்ச்சியபடியே முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். ரகசிய வழிபாடு என்பதால் அவரை வணங்கியவர்கள் எதையும் எழுதி வைக்கவில்லை, மிஞ்சியது இந்த மாதிரி சிற்பங்கள்தான் என்றாள். இரண்டு பக்கமும் இரண்டு இளைஞர்கள். ஒருவன் தீப்பந்தத்தை உயர்த்தியிருந்தான். மற்றவன் கவிழ்த்துப் பிடித்திருந்தான்.

"கொள்ளி வைக்கிற மாதிரி இருக்கு," என்றாள் பானுமதி.

தாரிணிக்குச் சுருக்கென்றது. நல்ல காரியம் பேச வந்த இடத்தில் இந்த வார்த்தையா? பாலா கண்ணாலேயே 'போச்சு' என்றான்.

கல்யாணசுந்தரம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"கவுத்துத்தான் பிடிச்சிருக்கான். ஆனா அணைக்கலைங்க. நல்லாப் பாருங்க, எரிஞ்சுட்டுத்தான் இருக்கு."

பானுமதியும் குனிந்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு காளையின் வாலைச் சுட்டிக்காட்டினாள். அதன் நுனியில் கோதுமைக் கதிர்கள்.

"இதை விட்டுட்டீங்களே. மாடு சாகுது, வால்ல வெள்ளாமை வருது," என்று சொல்லிச் சிரித்தாள்.

அவரும் சிரித்தார். இருவரும் பேசிக்கொண்டே அடுத்த சிற்பத்துக்கு நகர்ந்தார்கள். கூட வந்த இளசுகளை யாரும் அழைக்கவில்லை.

"எங்கப்பா இப்படிச் சிரிச்சு ரொம்ப நாளாச்சு," என்றான் பாலா. "எங்க பக்கம் ஓகே."

"எங்க பக்கமும். கலாஸ், முடிஞ்சுது."

"அப்ப இனிமே பேர் சொல்லிக் கூப்பிடாத. அண்ணான்னு கூப்பிடு."

"நாலு மாசம் முன்னால பிறந்துட்டு ரொம்ப அலட்டாதீங்க, அண்ணா," என்ற தாரிணி, ஓடிப்போய் அம்மாவின் முன் மல்லிகைச் சரத்தை நீட்டினாள். பானுமதி கல்யாணசுந்தரத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, பல வருடங்களாகப் பூ வைக்காத தலையை மகளுக்குக் குனிந்து கொடுத்தாள்.