சோறாக்குறவன்

சாயல்குடி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஃப்ளெக்ஸைத் தூக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். படத்தில் ராணுவ உடுப்பும் துப்பாக்கியுமாகத் தங்கப்பாண்டி. கீழே, 'எதிரியின் பதுங்குகுழியைத் தனியாளாய்த் தகர்த்த எங்கள் ஊர்ச் சிங்கம்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

அவன் அப்பா குருநாதன் மூச்சிரைக்க ஓடிவந்து கயிற்றைப் பிடித்தார்.

"அவுத்துருங்கப்பா. எம் மகன் சண்டைக்கே போகல. பட்டாளத்துல சோறாக்குறவன்."

கயிறு கட்டிக்கொண்டிருந்த மாரிச்செல்வம் சிரித்தான். "கூட நின்னு சண்டை போட்ட பரமக்குடிப் பட்டாளத்துக்காரரே ஆஸ்பத்திரியில இருந்து போன்ல சொல்லிட்டாரு மாமா. இம்புட்டு அடக்கம் ஆகாது."

"ஏலே, அவன் பயந்தாங்கொள்ளிடா. தீவாளி வெடிக்கே கட்டிலுக்கு அடியில ஒளியிறவன்."

கூட்டம் முகம் சுளித்தது.

"நாட்டுக்காக உசுரைப் பணயம் வச்சு நிக்கிறவனை இப்படிப் பேசுறீகளே, நீங்கள்லாம் ஒரு தகப்பனா?" என்றார் டீக்கடைக்காரர்.

குருநாதன் ஃப்ளெக்ஸை இழுத்துக் கிழித்தார். யாரோ பிடித்துத் தள்ளியதில் ரோட்டில் விழுந்தார்.

காலையில் போனில் அதிகாரி சொன்னது காதுக்குள்ளேயே இருந்தது.

"உங்க மகன் உயிரோட இருக்கார். ஆனா எதிரிங்க கையில. தான் வெறும் சமையல்காரன்னு சொல்லியிருக்கார். அதை நம்பித்தான் விட்டுவச்சிருக்காங்க. மீட்கப் பேசிக்கிட்டிருக்கோம். அதுவரை யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க."

மாரிச்செல்வம்தான் அவரைத் தூக்கிவிட்டு, சட்டையில் ஒட்டிய மண்ணையும் தட்டிவிட்டான்.

"கிழிச்சா கிழிச்சுட்டுப் போங்க மாமா. விடியவுமே நெட்டுல போட்டாச்சு. உலகம் பூரா பார்த்துக்கிட்டு இருக்கு."