முப்பதுலதான் வந்தோம்

ராஜபாளையத்தில் மில்லுக்குப் பெண்களை ஏற்றிச் செல்லும் வேன், போன மாதம் செல்லக்கனி என்பவரை இடித்துவிட்டது. கையை நீட்டிக்கொண்டே ரோட்டைக் கடந்தவர், ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பே இறந்துபோனார். வேனில் இருந்த பெண்கள் எல்லோரும், வேகத்தைக் கேட்ட போலீஸிடம், "முப்பதுலதான் வந்தோம்" என்றார்கள். "ஷிப்டுக்கு நேரமாச்சு, மிதிங்கண்ணே" என்று டிரைவரை விரட்டியதும் அவர்கள்தான்.

பிறகு அந்த இடத்தில் வண்டிகளின் வேகத்தைக் காட்டும் மின்பலகை வைத்தார்கள். மற்ற வண்டிகளுக்கு அது சரியாகக் காட்டியது. டிரைவர் பெலிக்ஸ் எவ்வளவு மெதுவாக உருட்டினாலும், இந்த வேனுக்கு மட்டும் எழுபத்திரண்டு என்றது. டீக்கடையில் நின்றவர்கள் பலகையைப் பார்த்துவிட்டு வேனுக்குள் பார்த்தார்கள்.

"அண்ணே, இங்கனயே நிறுத்துங்க. நாங்க நடந்துபோயி பலகையத் தாண்டி அங்கிட்டு ஏறிக்கிடுதோம்" என்றாள் வேனில் இருந்த பியூலா, ஒருநாள் காலையில்.

எல்லோரும் இறங்கினார்கள். துப்பட்டாவை முகத்துக்கு இழுத்துக்கொண்டு, சாப்பாட்டுப் பைகளோடு, ஓரமாகத் தலைகுனிந்து நடந்தார்கள். பெலிக்ஸ் எஞ்சினை அணைத்திருந்தார். ரோட்டில் வேறு வண்டி இல்லை. டீக்கடைக்காரர் டீ ஆற்றுவதை நிறுத்தினார்.

அவர்கள் நடந்து முடியும்வரை பலகையில் எழுபத்திரண்டு சிவப்பாக எரிந்தது.