இரண்டரை வோல்ட்

“மேடம், இதோட விட்டுடுங்களேன். மூணு வருஷத்துக்கு முந்தின கதை” என்றார் மானேஜர். வாசலில் அவள் நீட்டிய விசிட்டிங் கார்டைப் படித்த நிமிஷத்திலிருந்து மனிதருக்கு வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது.

வேர்க்கட்டும், நன்றாக வேர்க்கட்டும் என்று நினைத்தபடி அவள் மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தைத் திரையில் கோடாகக் காட்டும் ஆஸிலோஸ்கோப்பை மேஜைமேல் வைத்தாள். அவள் அண்ணனை வேலையை விட்டுத் தூக்கிய கடிதத்தில் கையெழுத்துப் போட்டவர் இந்தப் புண்ணியவான்தான்.

லிஃப்ட் கதவுக்கான கண்ட்ரோல் போர்டு செய்கிற கம்பெனி அது. ஒரு கட்டடத்தில் கதவு ஒருவர் கையை நசுக்கிவிட்டது. கதவைத் திறக்கச் சொல்லும் ஆர்டரை அண்ணன் எழுதிய புரோகிராம் அனுப்பவே இல்லை என்று வெளி லேப் ஒன்று ரிப்போர்ட் கொடுத்தது.

அந்த ரிப்போர்ட்டை அண்ணன் கண்ணில்கூடக் காட்டவில்லை. அப்புறம் எந்தக் கம்பெனியும் அவனைச் சேர்க்கவில்லை. இப்போது ஒரு கடையில் செல்போனுக்குக் கண்ணாடி ஒட்டுகிறான்.

அன்றைக்கு அவள் டெஸ்டிங் வேலையில் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. எதிர்த்துக் கேட்கத் தெம்பில்லை. இப்போது இருக்கிறது. அண்ணன் பேரில் நோட்டீஸ் மேல் நோட்டீஸ் விட்டு, அதே போர்டை முதலாளியின் கண் முன்னால் சோதிக்க நாள் வாங்கிவிட்டாள்.

“சாதாரண ஸ்கோப் ஏறி இறங்குற வோல்ட்டேஜை மட்டும்தான் காட்டும் சார். இது மிக்ஸட் சிக்னல். சிப்பு பேசுற ஒண்ணையும் பூஜ்யத்தையும் அதே திரையில, அதே நேரத்துக்கு நேராக் காட்டும்” என்று முதலாளியிடம் சொன்னாள். “மேலே மஞ்சள் கோடு மோட்டர். கீழே பச்சைக் கோடு எங்கண்ணனோட புரோகிராம். யாரு சொன்னாங்க, யாரு கேக்கலைன்னு இப்பவே பார்த்துடலாம்.”

கதவிடுக்கில் கை இருந்தால் கண்டுபிடிக்கும் சென்சாரைக் கையால் மறைத்தாள். பச்சைக் கோடு அசையாமல் படுத்தே கிடந்தது.

“ஆர்டர் வரலையேம்மா!” என்றார் முதலாளி.

“இப்படித்தான் ரிப்போர்ட் எழுதின அந்த மேதாவியும் பார்த்திருக்கணும். எத்தனை வோல்ட்டைத் தாண்டினா ஒண்ணுன்னு ஸ்கோப்புக்கு நாமதான் சொல்லணும். இப்ப ரெண்டரையில வச்சிருக்கேன். உங்க சிப்பு ரெண்டு வோல்ட்டைக்கூடத் தொடாது. அப்புறம் எங்கிருந்து தெரியும்?”

திருகைத் திருப்பி அளவை ஒரு வோல்ட்டுக்குக் கீழே இறக்கினாள். மறுபடி சென்சாரை மறைத்தாள். பச்சைக் கோடு சட்டென்று எழுந்து நின்றது. மேலே மஞ்சள் கோடு அதைச் சட்டை செய்யாமல் ஓடிக்கொண்டே இருந்தது.

“ஆர்டர் போயிருக்கு சார். கேக்காதது நீங்க வெளியில வாங்கிப் போட்ட மோட்டர் டிரைவர் சர்க்யூட்.” அவள் மஞ்சள் கோட்டின் மேல் விரலை வைத்தாள். “எங்கண்ணன் ஒரு தப்பும் பண்ணலை.”

முதலாளி திரையை விட்டு அவள் பக்கம் திரும்பினார். “அவரை நாளைக்கே வரச் சொல்லுங்க. நானே மன்னிப்புக் கேட்கிறேன்.”

“அது நீங்க செய்ய வேண்டியது. எனக்கு அந்த ரிப்போர்ட் எழுதின ஆள் வேணும்.” பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து வைத்தாள். லேபுகளுக்கு லைசென்ஸ் தருகிற அலுவலகத்துக்கு முதலாளி எழுதுவது போன்ற புகார். இந்த நபர் இனி எந்த லேபிலும் ஒரு கருவியைத் தொடக் கூடாது என்று டைப் அடித்திருந்தது. பெயர் வரவேண்டிய இடம் மட்டும் காலி.

“மேடம், வேணாம்” என்று மானேஜர் கும்பிடாத குறையாகச் சொன்னார். “லேபுக்குப் போற போர்டுல கம்பெனி பேர்கூட இருக்காது, வெறும் நம்பர்தான். ஒரு நாளைக்கு இருபது போர்டு பார்க்குறவங்க. தெரியாமப் பண்ணின தப்பு, பாவம்.”

“பாவமா? மூணு வருஷமா நாலு சுவத்துக்குள்ள எங்கம்மா அழுறாங்க, அது பாவமில்லையா? போடுங்க சார் கையெழுத்தை. அந்த ஆளும் தெருவுல நிக்கட்டும், அதை நான் பார்க்கணும்.”

முதலாளி கையெழுத்துப் போட்டார். மானேஜர் வேறு வழியில்லாமல் பீரோவைத் திறந்து ரிப்போர்ட்டை எடுத்து வந்தார். அவள் முகத்தைப் பார்க்காமலே முதலாளியிடம் கொடுத்தார்.

முதலாளி சோதித்தவரின் கையெழுத்து இருந்த கடைசிப் பக்கத்துக்குப் போனார். காலி இடத்துக்குப் போன பேனா பாதியில் நின்றது. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இன்னொரு தடவை படித்தார். பிறகு ரிப்போர்ட், கடிதம், பேனா மூன்றையும் அவள் பக்கம் மெல்லத் தள்ளினார்.

“உங்க பேரை நீங்களே எழுதிடுங்க, மேடம்.”