அடம்பிடிக்கும் நட்டு

காலை வெயில் வேனுக்கு அடியில் ஒரு பட்டையாக மட்டுமே விழுகிறது. அந்தப் பட்டையில் அண்ணியும் நாத்தனாரும் தோளோடு தோள் ஒட்டி மல்லாந்து கிடக்கிறார்கள். வேன் நாத்தனாருடையது, நாளை முதன்முதலாகப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றப்போகிறாள். வெடிப்பு விட்ட ரப்பர் பிரேக் ஹோஸைக் கழற்றிவிட்டு, அவள் வயிற்றின் மேல் கிடக்கும் புதியதை மாட்ட வேண்டும். ஆனால் அதை இரும்புக் குழாயோடு இணைக்கும் நட்டு, நேற்று விட்ட எண்ணெய்க்கும் மசியாமல் துருவேறி இறுகிக் கிடக்கிறது. நட்டின் முனை மழுங்கினாலோ, குழாய் முறுக்கிக்கொண்டாலோ நாளைய பயணம் அவ்வளவுதான்.

"ஹோஸ அந்த ஸ்பேனரால அசையாம பிடிச்சுக்கோ," என்கிறாள் மெக்கானிக்கான அண்ணி. "மொதல்ல கொஞ்சம் இறுக்கிப் பாக்கறேன்."

"கழட்டச் சொன்னா இறுக்கறீங்களே அண்ணி!"

"உங்க அண்ணனையும் இப்படித்தான் வழிக்குக் கொண்டு வந்தேன்."

நாத்தனாருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது. பிடித்த ஸ்பேனர் மட்டும் அசையவில்லை. அண்ணி சுத்தியலால் நட்டை மெல்லத் தட்டுகிறாள். துருப்பொடி வெயிலில் மினுங்கி உதிர்கிறது. ஒரு மயிரிழை இறுக்குகிறாள். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் திருப்புகிறாள்.

டக்!

நட்டு சுழல்கிறது, குழாய் முறுக்கிக்கொள்ளவில்லை. பிரேக் ஆயில் ஒரு சொட்டு அண்ணியின் கன்னத்தில் விழுகிறது. இருவரும் வீடே அதிரும்படி கத்துகிறார்கள்.

பாதி சவரம் செய்த முகத்தோடு அண்ணன் வாசலுக்கு ஓடி வருகிறான். வேனுக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் நான்கு கால்கள் தரையைத் தாளம்போட்டு உதைக்கின்றன.

"என்ன, ரெண்டு பேருக்கும் நட்டு கழண்டுடுச்சா?"

"ஆமா! கழண்டுடுச்சு!"